ஆறு மரம், பதினெட்டுக் குலை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் அதற்குள் சொல்ல வேண்டியதையும் சொல்லக் கூடாததையும் சொல்லி முடித்திருப்பேன். என் வகுப்பிலுள்ள பதினொரு பிள்ளைகளுக்கும் இது அத்துப்படி. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் போதும், எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மலாக்காவில் லூபோக் சீனா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்னத் தமிழ்ப்பள்ளி எங்களுடையது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றும் நான்தான். வீடு தஞ்சோங் கிளிங்கில். காலையில் கடலோரத்திலிருந்து கிளம்பிக் காரோட்டிச் செம்பனைக்குள் வந்து சேர்வேன். பன்னிரண்டு வருடமாக இதே சாலை. செம்பனையைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்ததுதான்.

பயிற்சிப் புத்தகத்துக் கணக்குகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பக்கத்துக்குப் பக்கம் ஆப்பிள், கேக், பனிமனிதன். தோட்டத்துப் பிள்ளைக்குப் பனிமனிதனால் என்ன பிரயோசனம்? நம் பிள்ளைகளுக்கு நம் ஊர்க் கணக்கு வேண்டும் என்று முடிவுகட்டி, ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து நானே பயிற்சித்தாள்கள் தயாரித்தேன். செம்பனை மரம், கோழி, மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போகும் அம்மா என்று படமும் நானே வரைந்தேன். அதைப் படமெடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மலாக்கா டவுனிலிருந்துகூடப் பிரதி கேட்டார்கள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தத் தாள்களில் எல்லாப் பிள்ளைகளும் ஓரளவு தேறினார்கள், ஒருத்தியைத் தவிர. பெயர் வேண்டாம். சன்னலோரம் உட்காருவதால் சன்னலோரத்துக்காரி என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பா குலை வெட்டுகிறவர், அம்மா அவர் கூடவே போய் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். எட்டு வயது. தமிழ் கடகடவென்று வாசிப்பாள், கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். கணக்கு மட்டும்தான் தகராறு.

‘அப்பா ஆறு செம்பனை மரங்களில் குலை வெட்டினார். ஒரு மரத்தில் மூன்று குலைகள். மொத்தம் எத்தனை?’ இது முதல் கேள்வி. பதினெட்டு என்று வரவேண்டும். அவள் நான்கு என்று எழுதியிருந்தாள்.

‘நான்கு கோழிகள் நாளுக்கு ஒரு முட்டை வீதம் இட்டால், ஐந்து நாளில் எத்தனை முட்டை?’ இருபதுக்குப் பதில் பதின்மூன்று. ‘அம்மா ஒன்பது மணிக்கு மோட்டாரில் கடைக்குப் போனார். போக அரை மணி, வர அரை மணி. எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்?’ பன்னிரண்டு மணி. அதையும் எழுத்தில் வேறு, அழகாக, அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்.

பெருக்கலும் தெரியவில்லை, கூட்டலும் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தேன். என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. தப்பான விடைக்குக் கீழே சரியான விடையை மூன்று முறை எழுத வேண்டும். அதற்குப் பிழைதிருத்தம் என்று தலைப்பும் போட வேண்டும். அவள் நோட்டில் பாதிக்கு மேல் பிழைதிருத்தம்தான். முகம் சுளிக்காமல் எழுதுவாள். அடுத்த வாரம் மறுபடி அதே மாதிரி ஒரு செம்பனைக் கணக்கு கொடுத்தால், மறுபடி வாய்க்கு வந்த ஓர் எண்ணைப் போட்டு வைப்பாள்.

ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். உனக்கு மூளை எங்கே மேயப் போயிருக்கிறது என்று வகுப்பு முன்னால் கேட்டேன். அவள் சன்னலைப் பார்த்தாள். அவள் பார்த்த திசையில் செம்பனை தவிர வேறொன்றும் இல்லை.

அந்தச் சமயம்தான் தலைமையாசிரியர் பட்டியல் கேட்டார். குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்ப வேண்டிய பிள்ளைகளின் பட்டியல். ஊரில் எல்லாரும் அதைப் பெமுலிஹான் என்று மலாயில்தான் சொல்வார்கள். கேண்டீன் பக்கத்தில் தனி அறை. தமிழுக்கும் கணிதத்துக்கும் பிள்ளை அங்கே போய்விட வேண்டும். நல்ல வகுப்புதான், தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் எங்கள் மாதிரி சின்னப் பள்ளியில் அந்த அறைக்குள் போகிற பிள்ளையை இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் சும்மா விடுவதில்லை. புதன்கிழமை மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சோதனைத் தாள் வரும், அதையும் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை பெயர் கொடுக்கலாம் என்றார் தலைமையாசிரியர். என் மனதில் பெயர் ஏற்கனவே எழுதியாகிவிட்டது.

முறைப்படி அவள் அம்மாவை வரச் சொன்னேன். வேலை உடுப்போடு, கையில் சாக்குத் தூசியோடு வந்தார். நான் நோட்டைப் புரட்டிப் புரட்டிக் காட்டினேன். அவர் கண் கலங்கியது. தமிழ் வகுப்பையாவது விட்டுவைக்க முடியுமா, அவளுக்கு வாசிக்கப் பிடிக்கும் என்று கேட்டார். சட்டம் அப்படியில்லை என்றேன். எழுந்து போகும்போது வாசலில் நின்றார்.

“வீட்டுல நல்லாத்தான் கணக்கு சொல்லுது டீச்சர். சனிக்கிழம எங்க கூட வந்தா, சாக்கு எத்தன நெறஞ்சுச்சுன்னு அதுதான் எண்ணும். ஒன்னு கூட தப்பாதுலா.”

எல்லா அம்மாவும் இதைத்தான் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டு தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன்.

புதன்கிழமை தாள் வந்தது. பிரித்துப் பார்த்ததும் எனக்கு எரிச்சல். ஒரு கூடையில் மூன்று ஸ்ட்ராபெர்ரி, ஆறு கூடையில் எத்தனை? ஒரு பனிமனிதனுக்கு நான்கு பொத்தான், ஐந்து பனிமனிதர்களுக்கு எத்தனை? இப்படிப் பத்துக் கேள்வி. நம் செம்பனையிலேயே தடுக்கி விழுகிறவள் ஸ்ட்ராபெர்ரியில் எங்கே எழுந்து நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

அன்று மதியம் திருத்த உட்கார்ந்தேன். அவள் தாளைக் கடைசியாக எடுத்தேன். பதினெட்டு, இருபது, ஒன்பது... சரி, சரி, சரி. பத்துக்குப் பத்து. வகுப்பில் வேறு யாரும் பத்து வாங்கவில்லை.

நல்ல ஆசிரியை என்றால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் சந்தேகப்பட்டேன். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருப்பாள் என்று எண்ணினேன். பக்கத்தில் உட்காருகிறவள் வாங்கியதே ஆறுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுநாள் காலை அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, என் மேசையில் தனியாக உட்காரவைத்து, எண்களை மாற்றிப் பத்துக் கணக்கு கொடுத்தேன். ஸ்ட்ராபெர்ரி, பனிமனிதன், கேக். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பத்துக்குப் பத்து.

என் பயிற்சித்தாளை எடுத்து அவள் முன்னால் போட்டேன். ஆறு மரம், மூன்று குலை. இதைப் போடு என்றேன். அவள் யோசித்துவிட்டு நான்கு என்று எழுதினாள்.

கண்ணாடி பாதி கழன்றுவிட்டது. அதே ஆறு, அதே மூன்று. கூடையில் பதினெட்டாக இருந்தது மரத்தில் எப்படி நான்காகும்? பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக, திட்டுவதற்குப் பதில் ஏன் என்று கேட்டேன்.

“எல்லா மரமும் ஒன்னா பழுக்காது டீச்சர். கீழ உதிரி விழுந்திருந்தாத்தான் வெட்டலாம். அதுவும் ஒரு மரத்துல ஒரு குலதான் பழுத்திருக்கும். காயா கறுப்பா இருக்குறத வெட்டுனா அப்பாவ மண்டோர் ஏசுவாரு. ஆறு மரம் போனா நாலு கெடைக்கும்.”

மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவர். நான் என் படத்தைப் பார்த்தேன். ஆறு மரம், ஒவ்வொன்றிலும் மும்மூன்று குலை, எல்லாவற்றையும் சிவப்பு வண்ணத்தில் அழகாக வரைந்து வைத்திருந்தேன். மலாக்கா டவுன் வரைக்கும் அதை அனுப்பியிருந்தேன்.

சரி, கோழி? நான்கு கோழியில் ஒன்று அடைகாக்கும், அது முட்டையிடாது. மூன்று கோழிக்கு ஐந்து நாளில் பதினைந்து. அதில் இரண்டை உடும்பு தின்றுவிடும். அம்மா ஏன் பன்னிரண்டு மணிக்கு வருகிறார்? அதற்கு அவள் கொஞ்சம் தயங்கினாள். அம்மா கடையில் பேசுவாங்க டீச்சர் என்று மெதுவாகச் சொன்னாள்.

எனக்கு வந்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து மேசை ஆசிரியர் முதுகில் தட்ட ஓடி வந்தார். சிரித்து ஓய்ந்ததும் வெட்கமாக இருந்தது. மூளை மேயப் போயிருக்கிறதா என்று கேட்டேனே, அது ஒழுங்காகச் செம்பனைக் காட்டுக்குப் போய், மரம் மரமாகப் பார்த்து, உண்மையான விடையோடு திரும்பி வந்திருக்கிறது. ஸ்ட்ராபெர்ரியை மட்டும் எப்படிச் சரியாகப் போட்டாய் என்று கேட்டேன். ஸ்ட்ராபெர்ரி எப்படிக் காய்க்கும் என்று தனக்குத் தெரியாதாம், அதனால் தாளில் இருந்தபடியே போட்டுவிட்டாளாம்.

வெள்ளிக்கிழமை நான் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. அம்மாவுக்கு நானே போன் செய்தேன். நீங்கள் சொன்னது சரிதான், நான்தான் காதில் வாங்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார், யாரையோ கூப்பிட்டுச் சொன்னார், மறுபடி சிரித்தார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. கடையில் பேசுகிற விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் என் பயிற்சித்தாள்களை மூட்டை கட்டி அலமாரியில் போட்டேன். இன்று நீங்கள் ஆளுக்கொரு கணக்கு எழுதுங்கள், நான் போடுகிறேன் என்றேன். வகுப்பே அமளிதுமளிப்பட்டது. என்னை எப்படியாவது மாட்டிவிட வேண்டும் என்று பதினொரு பேரும் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். இவ்வளவு ஆசையாக அவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவரும் தன் கணக்கை உரக்க வாசிக்க, நான் வெண்பலகையில் விடை எழுதினேன். பத்துப் பேரிடமும் தப்பித்துவிட்டேன்.

கடைசியாகச் சன்னலோரத்துக்காரி எழுந்து வாசித்தாள். ‘அப்பா எட்டு மரங்களுக்குப் போனார். ஐந்து மரங்களின் கீழே உதிரி கிடந்தது. ஒரு மரத்தில் பாம்பு இருந்தது. அப்பா எத்தனை குலை வெட்டினார்?’

எட்டு என்ற எண்ணில் நான் மாட்டவில்லை. உதிரி கிடந்த ஐந்து மரம்தான் கணக்கு. அதில் பாம்பு மரம் ஒன்று கழியும். நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று காட்டும் ஆசையில், பலகையில் பெரிதாக நான்கு என்று எழுதிவிட்டுத் திரும்பினேன்.

அவள் என் மேசைக்கு வந்து சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். தன் நோட்டை விரித்து, கேள்விக்குக் கீழே என் விடையை எழுதி, அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு போட்டாள்.

“பாம்பு இருந்தது உதிரி விழாத மரத்துல டீச்சர். அதனால அஞ்சு.”

அது கேள்வியில் இல்லையே, நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும் போலிருக்கிறது. கை தானாகக் கண்ணாடிக்குப் போயிருந்தது.

“நீங்க கேட்கவே இல்லையே டீச்சர்.”

கண்ணாடியை மூக்கிலேயே விட்டுவிட்டேன். அவள் நோட்டை என் பக்கம் தள்ளினாள். பேனாவையும் கொடுத்தாள். நான் குனிந்து, பிழைதிருத்தம் என்று தலைப்புப் போட்டு, கீழே ஐந்து என்று எழுதினேன். ஒன்னு என்று பதினொரு பேரும் கத்தினார்கள். இன்னும் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது.