ஜிஜா ஒதுக்கிய பன்னிரண்டு நொடி

செங்கல் என்ற ஊரில் வாழும் ஜிஜாவுக்கு முப்பத்தொரு வயது. இயற்பியல் படித்தவள், திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்குழுவில் வேலை. அந்தக் குழுவின் கருவி ஒரு செயற்கைக்கோளில் ஏறிப் பூமியைச் சுற்றுகிறது. எங்கோ வெகுதொலைவில் ஒரு நட்சத்திரம் அழியும்போது சில நொடிகள் காமா கதிர்கள் பீறிட்டுக் கிளம்பும். கருவி அதைப் பிடித்தால் ஜிஜாவின் போனுக்குத் தகவல் வரும். உண்மையான வெடிப்பா, வெறும் இரைச்சலா என்று அவள் உடனே சொல்ல வேண்டும். உண்மையென்றால் மற்ற தொலைநோக்கிகள் அந்தத் திசைக்குத் திரும்பும். தாமதித்தால் மிச்ச ஒளி மங்கிவிடும்.

போன ஜூலையில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. ஈரக்கையைத் துடைத்தபடி லேப்டாப்பைத் திறந்தாள். பன்னிரண்டு நொடி எழுச்சி. ஆனால் கருவியின் நான்கு பகுதிகளில் மூன்றில்தான் தெரிந்தது. செயற்கைக்கோளோ மின்துகள்கள் அடர்ந்த பகுதியை நெருங்கிக்கொண்டிருந்தது; அங்கே போலி எழுச்சிகள் வழக்கம். ‘இரைச்சல்’ என்று குறித்து அனுப்பினாள்.

மனம் அடங்கவில்லை. சமையலறைக்கும் லேப்டாப்புக்குமாக நடந்தாள். உதியன்குளங்கரையில் அலுமினிய ஜன்னல் கடை வைத்திருக்கும் கணவன் சிபி பார்த்துக்கொண்டே இருந்தான்.

“சோறு தின்னுட்டுப் பாருடி. அது எங்க போவப்போவுது?”

“அது போயாச்சு. நான் விட்டுட்டனாண்ணுதான் தெரியணும்.”

நாலு மணிக்கு உடன் வேலைபார்க்கும் ரேஷ்மி கூப்பிட்டாள். வேறு இரண்டு செயற்கைக்கோள்கள் அதே எழுச்சியைப் பதிவுசெய்திருந்தன. கதிர்கள் பக்கவாட்டில் வந்ததால் செயற்கைக்கோளின் உடலே நான்காவது பகுதியை மறைத்திருந்தது.

“நானா இருந்தாலும் அப்பிடித்தான் குறிச்சிருப்பேன்,” என்றாள் ரேஷ்மி.

“குறிச்சது நானாக்கும்.”

அதுவரையான ஒரு வருஷத்தில் இரைச்சல் என்று அவள் ஒதுக்கியவை முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் மறுபடி பார்க்கத் தொடங்கினாள். ரயிலிலும் அதே வேலை. நெய்யாற்றின்கரையில் இறங்க வேண்டியவள் ஒரு நாள் பாறசாலை வரை போய்விட்டாள். சிபி பைக்கில் வந்து கூட்டிப்போனான்.

“எத்தற நாளைக்கிடி இது?”

“தீருத வரைக்கும்.”

இரண்டு மாதம் பிடித்தது. இன்னும் இரண்டு உண்மையான வெடிப்புகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை வேறு எந்தச் செயற்கைக்கோளும் பார்த்திருக்கவில்லை. ‘முதலில் தவறாக ஒதுக்கப்பட்டவை’ என்று அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும் என்று ஜிஜா பிடிவாதமாக நின்று எழுதவைத்தாள். செயற்கைக்கோளின் மறைப்பையும் இப்போது கணினி கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஆனாலும் தகவல் வந்தால், முடிவை அனுப்பிவிட்டு அவள் முற்றத்தில் இறங்கிவிடுகிறாள். மற்ற செயற்கைக்கோள்களின் செய்தி வரும்வரை போனும் கையுமாக நடந்துகொண்டே இருக்கிறாள்.