மண் போட்ட ஐஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். வேலை தற்காலிகம்தான். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து, நான் நடத்துவதைப் பார்த்து, நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் காங்கேயத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்ன வேண்டும்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வருகிற நாளுக்கு வாய்த்த பாடமோ வட துருவத்துப் பனியுகம். ஒரு காலத்தில் துருவத்தைச் சுற்றியிருந்த நாடுகளை மலை உயரத்துக்குப் பனி மூடியிருந்தது. அது மெல்ல நகர்ந்து, பாறைகளைப் பெயர்த்து வெகுதூரம் இழுத்துப்போய், பிற்பாடு உருகிவிட்டது. மார்கழிப் பனிக்கே முக்காடு போடுகிற எங்கள் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்ல?

கோயமுத்தூரில் ஐஸ் போடுகிற இடத்துக்குப் போய், தண்ணீரில் ஆற்று மணலும் பொடிக்கல்லும் கலந்து ஒரு கட்டி உறைய வைக்கச் சொன்னேன். "நல்ல ஐஸே இருக்குதுங்களே அம்மணி" என்றார் அங்கிருந்தவர். எனக்கு இதுதான் வேண்டும் என்றேன். பாடத்தன்று விடியற்காலையில் போய் வாங்கி, மரத்தூளில் புதைத்து, சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். ஈரக் களிமண் மேல் அதை இழுத்துக் காட்டினால், பனி எப்படிக் கல்லைச் சுமந்துகொண்டு தடம் போட்டிருக்கும் என்பது புரிந்துவிடும். சேலை தொப்பலாக நனைந்திருந்ததால், மூட்டையைத் தலைமையாசிரியை அம்மாவின் அறையில் வைத்துவிட்டு மாற்றிக்கொள்ளப் போனேன்.

திரும்பி வந்தால் சாக்கு காலி.

"இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வேர்த்து விறுவிறுத்து வந்தாங்க அம்மணி" என்றார் தலைமையாசிரியை, சாவகாசமாக. வெயிலில் வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர் கொடுக்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. "நன்னாரி சர்பத்துல போட்டுக் குடுத்தேன். ஐஸ்காரன் உன்னைய நல்லா ஏமாத்திப்போட்டான். ஒரே கல்லும் மண்ணும். நல்ல பக்கமாப் பாத்து ஒடச்சு எடுத்துட்டு, மிச்சத்தைத் தென்னமரத்தடியில கொட்டிப்போட்டேன்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஆத்திரம் ஏறியது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். திறக்காவிட்டாலும் போகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். நான் வெறும் வாயால் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்கள். அந்தம்மா ஒரு வாய் குடித்தார். பல்லில் நறுக்கென்று ஏதோ கடிபட்டது. முகத்தைச் சுளித்து, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார். தொலைந்தது, இனி அண்ணிதான் கதி.

அப்போதுதான் டம்ளரைப் பார்த்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. அடியில் மணலும் மூன்று பொடிக்கல்லும் கிடந்தன.

"மன்னிக்கோணுங்க" என்று அதை எடுத்துப் பிள்ளைகளுக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன்.

"இந்தக் கல்லு எங்க கெடக்கும்?"

"ஆத்துலீங்க டீச்சர்."

"சர்பத்துக்குள்ள கொண்டாந்து விட்டது யாரு?"

முன்வரிசைப் பெண் ஒருத்தி யோசித்தாள். "ஐஸுங்க."

"வடக்கே அந்த நாடுகள்லயும் இப்படித்தான். எங்கிருந்தோ வந்த பாறை தனியா வயக்காட்டுல கெடக்கும். அந்தப் பனியைப் பாத்தவங்க யாரும் இப்ப இல்ல. பாறையை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. சரி, இந்த ஐஸ் இப்ப எங்க?"

உருகிவிட்டது என்பாள் என்று பார்த்தேன். அவள் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பக்கம் திரும்பி, மரியாதையாக, "உங்க வயித்துலீங்க அம்மா" என்றாள்.

அந்தம்மா டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லைப் போட்டது யார்?"

"நான்தானுங்க போடச் சொன்னேன். குடிக்கறதுக்கில்லீங்க, பாடத்துக்கு."

அவர் நோட்டில் வெகுநேரம் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து நிரந்தர உத்தரவு வந்தது. தான் கொடுத்த சர்பத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று தலைமையாசிரியை ரிட்டயர் ஆகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒருநாளும் மறுக்கவில்லை.