சித்தீக் வீட்டு உத்தரவு

சங்கரன்கோவிலில் நாலு மாடிக்கு மேல் எது எழும்பினாலும் அதற்குச் சாரம் கட்டியவர் அநேகமாக சித்தீக்காகத்தான் இருக்கும். பதினேழு வயதில் சவுக்குக் கம்பைத் தோளில் வைத்தவருக்கு இப்போது நாற்பத்தெட்டு. நடுவில் ஆறு வருஷம் அரபு நாட்டில், தம்மாமில், முப்பது மாடிக் கட்டடங்களில் தொங்கிவிட்டு வந்தார். உச்சியில் ஒரு கம்பில் காலைப் பின்னி உட்கார்ந்துகொண்டு சாவகாசமாக டீ குடிப்பார். கீழே நிற்கிற நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் வேல்சாமி. ஸ்டூலில் ஏறி பல்பு எடுக்கவே ஆள் தேடுகிறவன். அந்த டீயின் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

சாரக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் கிளம்பும்போது வீட்டில் யாராவது இன்றைக்கு ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஏறக் கூடாது. ஏன் என்று மேஸ்திரிகூடக் கேட்கக் கூடாது. அன்று முழுக்கக் கீழ்வேலைதான். கம்பு எடுத்துக் கொடுக்கலாம், கயிறு நனைக்கலாம்.

நாலு மாதத்துக்கு முன்பு, கரிவலம்வந்தநல்லூர் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் சித்தீக்குக்குக் கால் நகரவில்லை. வழுக்கவில்லை, கயிறு அறவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை. சும்மா கீழே பார்த்தார், பயம் பிடித்துக்கொண்டது. இறங்கி வர முக்கால் மணி நேரம் ஆனது. மறுநாள் காலையில், "வீட்ல வேண்டாம்ங்கா" என்றார். அதற்கு மறுநாளும் அதையே சொன்னார். நாலு மாதமாக அதே பல்லவி. பயந்துவிட்டார் என்று தெரிந்தால் முப்பது வருஷப் பெயர் போய்விடும் அல்லவா? பாவம், அவர் மனைவி ஹஸ்னா பானுவுக்கு இது எதுவுமே தெரியாது. டீக்கடையில் அவரைப் புருஷனை ஆட்டிப் படைக்கிறவர் என்று பேசினார்கள். நானும் பேசினேன், மறைப்பானேன். உண்மை எனக்கும் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் தெருவில் மாதம் ஒரு படம் போடுகிறோம். இரண்டு தறிக்கூடங்களுக்கு நடுவில் உள்ள காலிமனைதான் இடம். தறிச் சத்தத்தில் ஒரு வசனமும் கேட்காது. மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு, பேச்சே இல்லாத படமாகப் போட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நூறு வருஷத்துக்கு முந்தைய சிரிப்புப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். சித்தீக்கின் கையாள் பேச்சிராஜா கம்பு நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, காதுகுத்து வீட்டுக்காக வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

படத்தில் ஒரு பெயிண்டர், தொளதொள கால்சட்டையோடு, தோளில் ஏணியை வைத்துக்கொண்டு ஓடுகிறான். போலீஸ்காரர் துரத்துகிறார். இருவரும் பாதி கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் இரும்பு உத்தரங்களில் ஓடுகிறார்கள். இவன் திரும்பும்போதெல்லாம் ஏணியின் பின்முனை போலீஸ்காரரைத் தள்ளுகிறது. அவர் விழப்போய் அந்த ஏணியையே பிடித்துத் தொங்குகிறார். பாரம் ஏன் கூடியது என்று இவன் தலையைச் சொறிகிறான். பிள்ளைகள் மண்ணில் உருண்டு சிரித்தார்கள். பக்கத்தில் பார்த்தால் சித்தீக் கண்ணை இறுக மூடியிருந்தார்.

"தூக்கமா அண்ணாச்சி?"

"தூசி விழுந்துட்டு வே."

பெயிண்டர் ஒற்றைக் கையில் தொங்குகிற நேரம் பார்த்து மேற்கிலிருந்து காற்று அடித்தது. துணியின் மேல்முடிச்சு அவிழ்ந்து பாதித் திரை மடங்கிவிட்டது. இடுப்புக்கு மேல் ஆளைக் காணோம், உதைக்கிற இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கூட்டம் மொத்தமும் சித்தீக்கைக் கூப்பிட்டது.

"பதினஞ்சு அடிதானே அண்ணாச்சி, ஏறி ஒரு முடிச்சு போட்டுட்டு வாங்க" என்றேன் நான்.

"வீட்ல வேண்டாம்ங்கா."

பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். வீடு நாலாவது வரிசையில் உட்கார்ந்து அவித்த கடலையை உரித்துக்கொண்டிருப்பதை மறந்துவிட்டார். எல்லாத் தலையும் ஹஸ்னா பானு பக்கம் திரும்பியது. அவர் கணவரைப் பார்த்தார். சித்தீக் நாற்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கம்பின் உச்சியைப் பார்க்காமல் தரையையே பார்த்தார். அப்போதுதான் எனக்கும் விளங்கியது. கூப்பிட்டுத் தொலைத்தோமே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. நான் எப்போது சொன்னேன் என்று அந்தம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும், மனுஷன் முடிந்தார்.

ஹஸ்னா பானு எழுந்தார். தறிச் சத்தத்தோடு போட்டி போட்டு வளர்ந்த குரல் அது.

"ஆமா, நாந்தான் சொன்னேன். பதினஞ்சு அடியும் கெடையாது, அஞ்சு அடியும் கெடையாது. அவசரம்னா வேல்சாமி அண்ணாச்சி ஏறட்டும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீடு சொன்ன பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது. மாட்டிக்கொண்டவன் நான். மீதிப் படம் முழுக்க மேசைமேல் நின்று நீளக் கம்பால் துணிக்கு முட்டுக்கொடுத்தேன். படத்தைவிட நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றதற்குத்தான் அதிகம் சிரித்தார்களாம்.

படம் முடிந்து சித்தீக், ஹஸ்னா பானு, நான் மூன்று பேரும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தறிச் சத்தம் தேய்ந்த இடத்தில் ஹஸ்னா பானு கேட்டார்.

"நான் எப்பங்க வேண்டாம்னேன்?"

சித்தீக் புரொஜெக்டரைக் கீழே இறக்கி வைத்தார். நான் பக்கத்தில் இருப்பதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

"பயமா இருக்கு ஹஸ்னா. மேல போனா காலு நிக்க மாட்டேங்கு. நாலு மாசமா உம்பேரச் சொல்லித்தான் ஓட்டுதேன்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"இருவத்தஞ்சு வருசமா நீங்க சைக்கிள எடுக்கும்போதெல்லாம் வேண்டாம்னு சொல்ல வாய் வரும். சொன்னா பொழப்பு கெட்டுருமேன்னு முழுங்கிருவேன்" என்றார். "இன்னைக்குத்தாங்க சொல்லக் கொடுத்து வச்சிருக்கு."