ஜெனி எழுதிய நிழல்

புதிதாக அடித்த ஃப்ளெக்ஸை விரிக்கும்போது ஒரு வாடை வரும். பாதி பெயிண்ட், பாதி வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக். வில்லியனூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை மாடியில் நானும் ஜெனியும் ரூம் எடுத்திருந்தபோது, எங்கள் துப்பட்டாவில்கூட அந்த வாடைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள்.

ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச். நான் கரையாம்புத்தூர். அவள் வில்லியனூர் பக்கம், கோயில் தெரு. மெட்ராஸ் வேலை வேண்டாம், நாமே ஏதாவது செய்வோம் என்று இறங்கினோம். செய்தது ஒரு எடிட்டர் சாஃப்ட்வேர்... பேனர் கடைக்காரர்கள் தமிழில் அடித்து, பெரிதாக்கி, அலங்காரம் பண்ண.

எங்கள் ஊர்ப் பக்கம் காதுகுத்தோ கருமாதியோ, பேனர் இல்லாமல் நடக்காது. அதில் பேருக்கு நிழல் இருந்தே ஆக வேண்டும். கீழே கடை வைத்திருந்த ஏழுமலை அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நெழலு இல்லன்னா பேரு எடுப்பா இருக்காதும்மா. அத மொதல்ல போடுங்க."

அந்த நிழலில்தான் எங்களுக்குச் சண்டை.

ஜெனியின் வழி, எழுத்து திரையில் வரும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரில் படம் வரையவென்றே இருக்கும் கிராபிக்ஸ் கார்டை வைத்து நிழலைப் புதிதாக வரைவது. ஓரமெல்லாம் மெத்தென்று மங்கும்... அழகு. என் வழி, நிழலை ஒரு முறை வரைந்து படமாக வைத்துக்கொண்டு, அதையே எழுத்துக்கு அடியில் வைப்பது. வேகமாக ஓடும். எழுத்து மாறினால் படத்தையும் மறக்காமல் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

"மறந்துட்டா இன்னாடி பண்ணுவ?" என்று கேட்டாள்.

"நான் மறக்க மாட்டேன்."

அன்று அவள்தான் ஜெயித்தாள். அவள் எழுதிய புரோகிராமைத்தான் போட்டோம். என் லேப்டாப்பில் ஜம்மென்று ஓடியது. ஏழுமலை அண்ணனின் பழைய கம்ப்யூட்டரில் கார்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. திணறியது.

"ஒரு எழுத்து அடிச்சிட்டு டீ குடிச்சிட்டு வர வேண்டியதா இருக்கு. அடுத்த வாரம் நான் பழைய சாஃப்ட்வேருக்கே போயிடுறேம்மா."

எங்களுக்கு இருந்த கஸ்டமரே அவர் ஒருவர்தான். சரிபண்ண ஜெனி ஒரு வாரம் கேட்டாள். அந்த வாரம் அவள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு... வீட்டு வேலை என்று வரவில்லை. நான் வியாழக்கிழமை உட்கார்ந்து அவள் எழுதியதை நிறுத்திவிட்டு, என் வழியை வைத்துவிட்டேன். பறந்தது. ஏழுமலை அண்ணன் சிரித்தார்.

ஜெனியிடம் சொல்லவில்லை. போன் பண்ணியிருக்கலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அவள் வந்ததும் ஓட்டிக் காட்டி ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு அல்ப ஆசை.

எனக்குத் தெரியாத ஒன்று நடந்தது. அப்பா பேனரை நம் எடிட்டரில்தான் அடிக்க வேண்டும் என்று ஜெனி ஏழுமலை அண்ணனிடம் சொல்லி, அப்பா பேரை போனில் மெசேஜாக அனுப்பியிருக்கிறாள். பேனர் கடையில் யாரும் புதிதாக ஆரம்பிக்க மாட்டார்கள். பழைய ஃபைலைத் திறந்து, போட்டோவையும் பேரையும் மாற்றுவார்கள். அண்ணனும் வேறு யாருடையதோ அஞ்சலி ஃபைலைத் திறந்து, வந்த பேரை அப்படியே பேஸ்ட் பண்ணியிருக்கிறார்.

எழுத்து எழுத்தாக அடித்தால் நிழல் மாறும். பேஸ்ட் பண்ணினால் மாறாது. அதை நான் சோதித்துப் பார்க்கவே இல்லை.

திரையில் சின்னதாக இருந்தபோது ஏதோ கறுப்பாகப் படிந்த மாதிரிதான் தெரிந்திருக்கும். பத்தடி அகலத்தில் அடித்து, தெருமுனையில் கட்டியபோது நிழலைப் படிக்க முடிந்தது. நினைவு நாளன்று மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். ஜெனியின் அம்மா பேனர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"அப்பா பேருக்குப் பின்னால யாரு பேருடி அது?"

ஜெனி பேனரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மாத்திட்டியா?"

"அந்த மெஷின்ல ஓடலடி..."

"சொல்லியிருக்கலாம்ல."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். ஏழுமலை அண்ணன் பேனரை அவிழ்த்து எடுத்துப்போய், மத்தியானத்துக்குள் வேறு அடித்துக் கட்டினார். அதில் நிழலே இல்லை. ஒரு மாதம் கழித்து ஜெனி மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்தாள். ரூமைக் காலி பண்ணும்போது அவள் நாற்காலியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "வச்சுக்கோ" என்றாள்.

இப்போது நான் கரையாம்புத்தூர் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். மீட்டிங்கில் யாரும் கேமரா போடுவதில்லை. சில நாள் "ஆடிபிளா, கேக்குதா?" என்பதைத் தவிர வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது... ரொம்பத் தனியாக இருக்கிறேன். ஜெனி வெளிநாட்டில். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள், நானும் அனுப்புவேன்.

போன ஞாயிறு மதியம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அந்த எடிட்டர் கிடைத்தது. ஜெனி எழுதியதை நான் அழித்திருக்கவில்லை, ஓடாமல் நிறுத்தி மட்டும் வைத்திருந்தேன். இப்போது எந்தச் சாதாரண மெஷினிலும் கார்டு இருக்கிறதே என்று அதைத் திறந்துவிட்டு ஓட்டினேன். அவள் அப்பா பேரை பேஸ்ட் பண்ணினேன்.

ஒரு திணறலும் இல்லை. அவர் பேருக்கு அடியில் அவர் பேரின் நிழல், மெத்தென்று.

"ஏய், இங்க பாரேன்டி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் அவள் நாற்காலி. அதன்மேல் மடிக்காத துணி கிடந்தது.