ரோட்டுக்கு அந்தப் பக்கம் வகுத்தல்

நான் படித்தது தமிழ்நாட்டு அரசுப் பாடநூல். கன்னியாகுமரியோ காஞ்சிபுரமோ, மூன்றாம் வகுப்பு என்றால் ஒரே புத்தகம், ஒரே படம், ஒரே அச்சுப்பிழை. தொண்ணூறுகளின் கடைசியில், அதே நம்பிக்கையோடு கலிபோர்னியாவின் சன்னிவேலில் என் மகளை மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் ஒரு தோழி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, அதனால் வேறு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், வேறு பள்ளி, பாடத்திட்டமும் வேறு. ஒரு பிறந்தநாள் விருந்தில் அவள் பெண், அதுவும் மூன்றாம் வகுப்புதான், காகிதத் தட்டின் பின்னால் பெரிய பெரிய எண்களை வகுத்துக் காட்டினாள்.

"உங்க பொண்ணுக்கு டிவிஷன் ஆரம்பிச்சாச்சா?" என்றாள் தோழி, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே.

என் பெண் வகுப்பில் டப்பாவுக்குள் புழு வளர்த்துக்கொண்டிருந்தாள். அது பட்டாம்பூச்சி ஆகுமாம்.

டீச்சரிடம் போய் நின்றேன். டிவிஷன் வரும், குழந்தைகள் தயாரானதும் வரும் என்று சிரித்தார். சரி, புத்தகத்தையாவது காட்டுங்கள் என்றால், புத்தகமே கிடையாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லீஸ் முடியுது. பேசாம ரோட்டை க்ராஸ் பண்ணிடலாம்" என்றேன் கணவரிடம்.

புழு கூடு கட்டியிருந்த நேரம். வெளியே வரும்வரை இருக்கலாம், ப்ளீஸ் என்று மகள் தேம்பினாள். புழுவா முக்கியம்? கிரைண்டரை ஷாப்பிங் கார்ட்டில் வைத்து, சிக்னலுக்குக் காத்திருந்து, ரோட்டைத் தாண்டினோம்.

புதுப் பள்ளியில் முதல் நாள் முடிந்து ஓடி வந்தாள். "அம்மா, தே ஹேவ் பேபி கேட்டர்பில்லர்ஸ்! வீ கெட் டு ஸ்டார்ட் ஓவர்!"

இங்கே டிவிஷனைக் குளிர்காலத்திலேயே முடித்துவிட்டார்களாம். இப்போது வசந்தம், இங்கேயும் முதலிலிருந்து புழு வளர்ப்பு. பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போன கணவர் மீதிச் செய்தியையும் கொண்டுவந்தார். பழைய பள்ளியில் திங்கட்கிழமை டிவிஷன் ஆரம்பித்துவிட்டார்களாம்.

பிரித்துக் கொண்டுவந்த கட்டிலைக்கூட இன்னும் பொருத்தவில்லை.

"பழைய வீடு காலியாத்தான் இருக்கு. கேட்டுப் பாக்கவா?" என்றார். வெட்கமே இல்லாமல் நானும் யோசித்தேன்.

மகள் அட்டைப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். தமிழில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், இவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னால் ஏறாது என்று முடிவுகட்டிவிட்டாள் போல, தமிழில் சொன்னாள்:

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இந்தப் புழு பறக்கறதைப் பாத்துட்டுதான் வருவேன்."