காதுக்கு மேலே கை

சர்வசித்து வருஷம் வைகாசி மாதத்து டூர் டைரியில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி வில்வண்டியில் பயணம். பஞ்சாயத்து பிரெசிடெண்ட் தேர்தல். வோட்டர்கள் படுத்துக்கொண்டார்கள். முடிவு அறிவிக்கப்பட்டது. வோட்டர்கள் எழுந்திருக்கவில்லை. மதிய வண்டி தவறியது."

டைரியைச் சரிபார்த்த மேலதிகாரி, "படுத்துக்கொண்டார்கள்" என்ற சொல்லுக்கு நேரே, ஓரத்தில், சிவப்பு மையில் "ஏன்?" என்று எழுதியிருக்கிறார். பதில் எழுத அந்த ஓரத்தில் இடம் போதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இங்கிலீஷ் கணக்கில் அது 1947, சுதந்திரம் வருவதற்கு முந்திய கோடை. வருஷத்தை நான் இரண்டு வழியில் சரிபார்த்திருக்கிறேன். வில்வண்டிக்காரர் மண்ணெண்ணெய் ரேஷன் கார்டைப் பற்றி வழிநெடுகப் புலம்பியதாகக் குறிப்பு இருக்கிறது. அதே டைரியில் சில பக்கங்கள் தள்ளி, தாலுகா ஆபீசில் புதுக்கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த குறிப்பும் இருக்கிறது. ஊரின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. மருதையாற்றுக்கு அருகில், ஓர் ஏரியின் கீழ் உள்ள கரிசல் பூமி என்பது போதும்.

1. யாருக்கு ஓட்டு இருந்தது

இன்று சீட்டை மடித்துப் பெட்டியில் போடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து முறையைச் சொல்லிவிட வேண்டும். நான் பஞ்சாயத்து ஆபீசருக்குக் குமாஸ்தா. நாங்கள் போன ஊர்களில் பிரெசிடெண்ட் தேர்தல் கை தூக்கித்தான் நடந்தது. ஆபீசர் ஒரு பெயரைச் சொல்வார், அவருக்கு வேண்டியவர்கள் கை தூக்குவார்கள், நான் எண்ணுவேன், ஆபீசர் ஒரு முறை எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால் எழுதிக்கொள்வோம்.

எங்கள் ஆபீசர் திருச்சிக்காரர். சோலா தொப்பியைக் கழற்றாமலே சாப்பிடுவார் என்று ஆபீசில் பேச்சு. ஒரு ஊரில் பாதி தூக்கிய கையை எண்ணலாமா கூடாதா என்று அடிதடி வந்ததிலிருந்து அவர் சொந்தமாக ஒரு விதி வைத்திருந்தார்: உள்ளங்கை காதுக்கு மேலே இருக்க வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது.

இந்த விதி எல்லா ஊரிலும் செல்லுபடியானது. இந்த ஊரில் ஏன் சிக்கியது என்றால், அப்போது வீட்டு வரி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு. அந்த ஊர் வழக்கப்படி வீடு அப்பன் பெயரிலேயே இருக்கும். அப்பன் கண் மூடினால்தான் மகன் பெயருக்கு மாறும், தாய் இருந்தால் அவள் பெயருக்குப் போகும். நாற்பது வயதில் மூன்று பிள்ளை பெற்றவனுக்கும் ஓட்டு இல்லை. அவனுடைய எழுபது வயது அப்பனுக்கு இருந்தது. ஓட்டு வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தோள்பட்டை வேலை செய்யவில்லை.

2. ரேடியோவும் பாதையும்

பதவியில் இருந்த பிரெசிடெண்ட் தங்கவேல். நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பா இளமையிலேயே போய்விட்டதால் வீடு அவர் பெயரில். சுறுசுறுப்பான மனிதர். திரும்ப ஜெயித்தால் சர்க்காரிடமிருந்து பஞ்சாயத்து ரேடியோ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஊரிலிருந்த அத்தனை வாலிபர்களும் அவர் பக்கம். அவர்களுக்கு ஓட்டுதான் இல்லை, ஆனால் சத்தம் இருந்தது.

எதிர்த்து நின்றவர் அவருடைய தாய்மாமன் சின்னசாமி. எழுபதை நெருங்கியவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, சுடுகாட்டுக்குப் பாதை.

பாதை முன்பு இருந்தது. ஏரிக் கரையிலிருந்து சுடுகாடு வரை வண்டி போகிற அகலத்தில் புறம்போக்காக இருந்தது. இரண்டு பக்கமும் தங்கவேல் குடும்பத்து வயல். அப்பா காலத்திலிருந்து ஒவ்வொரு உழவிலும் ஒரு சால் உள்ளே தள்ளித் தள்ளி, பாதை வரப்பாகி, வரப்பும் வயலாகிவிட்டது. கோடையில் செத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் செத்தால் தூக்கிப்போகிறவர்கள் முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். கரிசல் சேறு காலைப் பிடித்தால் விடாது. தெற்குத் தெரு உழைப்பாளிகளின் இடுகாடு அதற்கும் அப்பால்; அவர்களுக்கும் அதே சேறு, கூடக் கொஞ்சம்.

முந்திய ஐப்பசியில் சின்னசாமியின் மனைவி காலமானார். நல்ல மழை. நடு வயலில் தூக்கியவர்களில் ஒருவர் வழுக்க, பாடை சாய்ந்து, அம்மாள் சேற்றில் இறங்கிவிட்டார். வாய்க்காலில் மறுபடி குளிப்பாட்டித்தான் கொண்டுபோனார்கள். வழுக்கியவர் தங்கவேல்தான். அத்தைக்குத் தோள் கொடுக்க வந்து, தன் வயலில் தானே வழுக்கினார்.

இதை எனக்குச் சொன்னவர் சின்னசாமியே. தேர்தல் நடக்கவிருந்த இலுப்பைத் தோப்பில் ஆபீசருக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்று, யாரோ மூன்றாம் மனிதர் வீட்டு விஷயம் போலச் சொன்னார். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. "வாக்கப்பட்டு வந்தப்ப வண்டியில வந்தா. போறப்ப சேத்துல போனா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அடுத்த மழைக்குள்ள பாதை விட்டாப் போதும்."

அதற்குள் தோப்பில் பிரசாரம் சூடாகிவிட்டது. ரேடியோவில் பட்டணத்துப் பாட்டு, விலை நிலவரம் எல்லாம் வரும் என்று ஒரு வாலிபன் அடுக்கிக்கொண்டே போனான். மருதாயி என்ற கிழவி, புருஷன் போனபிறகு வீட்டைத் தன் பெயரில் வைத்திருந்தவர், வெற்றிலையை அதக்கியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நீ சொல்ற பாட்டு வர்றதுக்குள்ள நாங்க இருக்கமோ இல்லையோ. அந்தப் பாதையில போறதுக்கு நாங்கதான்டா வரிசையில நிக்கிறோம். எங்களுக்கு அவசரம்."

3. முதல் எண்ணிக்கை

ஆபீசர் எழுந்து விதியைச் சொன்னார். உள்ளங்கை காதுக்கு மேலே, முழங்கை மடங்கக் கூடாது, ஒருவருக்கு ஒரு கை.

தங்கவேலுக்கு, அவரைப் போல அப்பன் முந்திப் போன நடுவயதுக்காரர்களின் கைகள் நெட்டுக்குத்தாக எழுந்தன. முப்பத்தொன்று. என் கணக்கும் ஆபீசர் கணக்கும் ஒன்றே.

சின்னசாமி பெயரைச் சொன்னதும் நடந்ததை நான் இதுவரை வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை. முப்பது பேருக்கு மேல் கை தூக்கினார்கள், ஒவ்வொருவரும் தம்மால் முடிந்த உயரத்துக்கு. சிலர் மார்பு வரை, சிலர் தாடை வரை. ஒருவர் இடக்கையால் வலக்கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். மருதாயி கையை உயர்த்த முடியாமல் காதைக் கைக்குக் கீழே கொண்டுவரக் குனிந்தார். விதிப்படி தேறியது பன்னிரண்டு.

"பன்னெண்டுதானா?" என்று கேட்டுவிட்டுச் சின்னசாமி பின்னால் திரும்பிப் பார்த்தார். விதியில் தேறாதவர்கள் அத்தனை பேரும் இன்னும் கையை இறக்காமல் நின்றார்கள்.

அடுத்து கைத்தடிகள் மேலே போயின. தோப்பு முழுக்க ஊன்றுகோல். ஆபீசர், கம்பு கையாகாது என்றார். ஊன்றுகோல் மேலே போனதும் இரண்டு பேர் தள்ளாடி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், அதுவும் நின்றது.

ஒரு பெரியவர் தன் மகனைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மகன் ரேடியோ கட்சி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்குத்தான் ஓட்டு இல்லியேப்பா. நான் எப்புடிக் கை வெக்கிறது?"

வாலிபர்கள் சிரித்தார்கள். ஆபீசர் பேனாவின் மூடியைத் திறந்தார். முடிவை எழுதிவிட்டால் அடுத்த தேர்தல் வரை பேச்சில்லை, நடுவே எத்தனை மழைக்காலம் வரும் என்பது சின்னசாமிக்குத் தெரியும். அவர் மேல்துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

4. மருதாயியின் காலைப் பொழுது

அப்போது மருதாயி ஆபீசரிடம் நேராக வந்தார்.

"ஐயா, காலையில பாயில கெடக்கறப்ப இந்தக் கை கூரை மோட்டைப் பாத்து நட்டுக்கிட்டு நிக்கும். எந்திரிச்சாத்தான் தோளைத் தாண்டாது. படுத்துக்கிட்டுத் தூக்கலாமா?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். வாக்காளர் ஆஜராக வேண்டும் என்று இருந்தது, தெரியும்படி கை தூக்க வேண்டும் என்று இருந்தது. நிற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆபீசரே ஒரு முறை வாங்கிப் புரட்டினார். தொப்பியைக் கழற்றினார். நான் வேலைக்குச் சேர்ந்தபிறகு அவர் தலையைப் பார்த்தது அன்றுதான்.

"படுக்கலாம்" என்றார்.

தோப்பில் ஆற்று மணல் கொட்டியிருந்தது, நிழலும் இருந்தது. மருதாயி முதலில் மெதுவாக உட்கார்ந்து, பிறகு சரிந்து, மல்லாந்து படுத்தார். கை தென்னங்கன்று போல நேராக நின்றது. ஒருவர் பின் ஒருவராக, சின்னசாமி உட்பட, அவர் பக்கத்தார் எல்லோரும் படுத்தார்கள். வேட்டியைச் சரிசெய்தபடி, வெற்றிலைப் பையைத் தலைக்கு வைத்தபடி, ஒருவரையொருவர் "தள்ளிப் படு" என்று அதட்டியபடி. தெற்குத் தெருப் பெரியவர்கள் தனியாக நின்றிருந்தார்கள், படுத்தபோதும் தனியாகத்தான் படுத்தார்கள். எண்ணிக்கை மட்டும் ஒன்றாகத்தான் சேர்ந்தது.

தங்கவேல் சிரித்துவிட்டார். "இப்பவே எதுக்கு அம்மாயி ஒத்திகை?" என்று மருதாயியைக் கேட்டார்.

"நீ தூக்கி வழுக்கிவுட்டியே, அதைவிட இது சௌகரியம்தான்" என்று தரையிலிருந்து பதில் வந்தது.

நானும் ஆபீசரும் படுத்தவர்களுக்கு நடுவே யாரையும் மிதிக்காமல் நடந்து எண்ணினோம். ஒருவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். ஒன்றை இறக்கச் சொன்னோம். என் கணக்கு முப்பத்திரண்டு. ஆபீசர் கணக்கு முப்பத்தொன்று. மறுபடி நடந்தோம். வித்தியாசம் கடைசி இலுப்பை மரத்தடியில் இருந்தது. முத்தையா என்ற பெரியவர் கையைத் தூக்கியபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தோள் இறுகிப்போனதால் கை அப்படியே நின்றது.

"தூங்குறவரு ஓட்டு செல்லாதுங்க" என்றார் தங்கவேல். "எந்தப் பக்கம்னு யாரு கண்டா?"

ஆபீசர் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சைகை காட்டி, குனிந்து, முத்தையாவின் காதருகே கேட்டார். "பெரியவரே, உங்கள் ஓட்டு யாருக்கு?"

கண்ணைத் திறக்காமலே பதில் வந்தது. "பாதைக்கு."

"அந்தப் பெயரில் யாரும் நிற்கவில்லை."

முத்தையா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அப்புடின்னா சின்னசாமிக்கு எழுதிக்குங்க. அவன்தான் போட்டுக் குடுக்கறேன்னான்."

முப்பத்திரண்டு.

5. எழுந்திருக்கவில்லை

ஆபீசர் முடிவை அறிவித்தார். கிழவர்கள் படுத்தபடியே கூச்சலிட்டார்கள், கை தட்டினார்கள், ஒருவர் சீட்டியடித்தார். அதன்பிறகுதான் ஒரு விஷயம் புலப்பட்டது. படுக்கத் தெரிந்த அளவு அவர்களுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. உருண்டு பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பிடித்து எழ, அவரும் கூடவே விழுந்தார். கையைத் தூக்கிவிட மறுத்த மகன்கள் இப்போது ஓடிவந்தார்கள். அக்குளில் கைகொடுத்து அப்பனைத் தூக்கும்போது அவர்களுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை.

தங்கவேல் தன் மாமனிடம் வந்தார். தோற்ற முகம்தான், ஆனால் கை நீட்டினார். "எந்திரி மாமா. மணலு சுடப்போவுது."

சின்னசாமி வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். "மொதல்ல பாதைய வுடு. அப்பறம் எந்திரிக்கிறேன்."

"அதான் ஜெயிச்சிட்டியே. பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு எடுத்துக்க."

"தீர்மானம் திருச்சிக்குப் போயி, திரும்பி வர்றதுக்குள்ள மழை வந்துரும். உன் வாயால சொல்லு."

பாதி எழுந்திருந்தவர்கள் இதைக் கேட்டதும் மறுபடி படுத்துவிட்டார்கள். மகன்கள் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு படுத்தவர்களும் உண்டு. ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். மதிய வண்டி போய்விட்டது. எனக்கு அப்போது வண்டியைப் பற்றிய கவலையே இல்லை.

தங்கவேல் மாமனுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"அத்தையை நான் வேணும்னேவா கீழ வுட்டேன், மாமா?"

"இல்லடா. அதான் கேக்கறேன். என்னையும் நீதான் தூக்கப் போற."

தங்கவேல் எழுந்து, கூட்டத்தில் நின்ற தன் பண்ணையாளைக் கூப்பிட்டு, கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகச் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் சின்னசாமி கை நீட்டினார். தாடை உயரத்துக்குத்தான் வந்தது. தங்கவேல் குனிந்து பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை நாங்கள் போவதற்குள் முளைக்குச்சிகள் வண்டி அகலத்துக்கு ஊன்றப்பட்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மண் அடித்து உயர்த்தியது ஆனியில் என்று பின்னால் அந்த ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எந்தத் தேர்தலிலும், தொடங்குவதற்கு முன் உரக்கச் சொல்வேன்: நிற்கலாம், உட்காரலாம், படுக்கலாம். சிரிப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் உட்கார்ந்தார். எண்ணுகிறவன் கற்றுக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான்: கை எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்ப்பதற்கு முன், அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் இன்னும் உறுதியாகவில்லை. ரேடியோவும் அந்த ஊருக்கு வந்தது. சின்னசாமி பிரெசிடெண்டாக இருந்தபோதே அவரே எழுதிக் கேட்டு வாங்கினாராம். அடைமழை, ஊர்ச் சாலையில் வண்டி இறங்கவில்லை, ஆகவே ரேடியோவையும் அதன் பாட்டரியையும் சுடுகாட்டுப் பக்கமாகச் சுற்றி, புதுப் பாதை வழியாகத்தான் கொண்டுவந்தார்கள், அந்தப் பாதையில் முதலில் போனது அதுதான் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, அதற்கு முன்பே முத்தையா தூங்கியபடியே போய்விட்டார் என்று இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் பலரைக் கேட்டுவிட்டேன். எது முந்தி என்று என்னால் சரிபார்க்க முடியவில்லை.