சுண்டுவிரல்

2004இல், அகதியாக வந்திறங்கிய லொங்குய் நகரில், வேட்டைத் துவக்குகள் பழுதுபார்க்கும் கடையொன்றில் எனக்குக் கூட்டித் துடைக்கும் வேலை எடுத்துத் தந்தவர், அங்கேயே துவக்குத் திருத்தும் மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணை. துவக்கைத் தொட்டதேயில்லை என்றுதான் அவரிடமும் அகதி மனுவிலும் சொல்லியிருந்தேன்.

ஒருநாள் பழைய இராணுவ ரைஃபிள் ஒன்றை நீட்டி, "ட்ரிகர் மாத்தவேணும், இதை ஒருக்காப் பிடியும்" என்றார். நான் யோசிக்கவேயில்லை. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே குண்டு இருக்கிறதா என்று சுண்டுவிரலை விட்டுத் தடவினேன்.

நிமிர்ந்தால், அண்ணை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை வெளியே எடுக்கவும் பயமாக இருந்தது.

அவர் முதலாளியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "முதலாளி பாக்கேக்கை தெரியாத மாதிரிக் கொஞ்சம் தடுமாறும், தம்பி," என்றார் மெல்ல. "நானும் அப்பிடித்தான்."

பிறகு எனக்குக் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. தெரிந்த வேலையில் தடுமாறுவதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை.